பற்றுச்சீட்டும் கள்ளாமையும்

(மதுரையில் அறக்கட்டளையின் மகாவீரர் பிறந்தநாள் விழாவில் ஆற்றிய உரை)

 

அறம் பேச வேண்டிய இம்மேடையில் துவரம்பருப்பின் விலையைப் பற்றிப் பேசவிருக்கிறேன். பொறுத்தருளுங்கள். முப்பதாண்டு வகுப்பறையில் நின்றவன் நான். எடுத்துக்காட்டு இல்லாமல் இலக்கணம் சொல்ல எனக்கு வராது.

சென்ற ஆண்டு நம் நகரின் புறத்தே உள்ள ஒரு பெருங்கடைக்கு நானும் என் மனைவியும் சென்றிருந்தோம். அடுக்கில் ஒட்டியிருந்த சீட்டில் ஒரு கிலோ பருப்பு 168 ரூபாய். வீடு திரும்பும் வழியில் பற்றுச்சீட்டைப் பார்த்தால் 189 ரூபாய். வேறுபாடு 21 ரூபாய். "இதற்காகவா திரும்பிப் போவது?" என்றார் மனைவி. நான் போனேன். பணம் பெறும் இடத்திலிருந்த இளம்பெண், "கம்ப்யூட்டர்ல அப்படித்தான் ஐயா வருது" என்றாள். எனக்குப் பின்னால் நின்ற வரிசை முணுமுணுத்தது. ஆசிரியர்க்குரிய பிடிவாதத்தோடு கால்மணி நேரம் நின்றேன். மேலாளர் வந்து அடுக்கைப் பார்த்தார், தலையசைத்தார், 21 ரூபாய் என் கைக்கு வந்தது. வெற்றி பெற்ற பாண்டியனைப் போல வெளியே வந்தேன்.

பிழை எங்கே பிறந்தது என்று பின்னர்க் கேட்டறிந்தேன். பொட்டலத்தில் உள்ள பட்டைக் கோடுகளிலேயே விலை அடங்கியிருக்கிறது என்று நம்மிற் பலர் நினைக்கிறோம். அவ்வாறன்று. அக்கோடுகள் பெரும்பாலும் பதின்மூன்று இலக்க எண் ஒன்றையே சுமக்கின்றன. அந்த எண்ணுக்குரிய விலை கடையின் கணினியில் இருக்கிறது. கணினியில் விலையை ஒருவர் மாற்றுகிறார். அடுக்கில் உள்ள தாளை வேறொருவர் கையால் மாற்றுகிறார். இரண்டிற்கும் இடையே ஒருநாள் கழிந்தாலும் பிழை பிறந்துவிடுகிறது. ஆகவே எல்லாப் பிழையும் வஞ்சகம் அன்று. ஆனால் சுட்டிக்காட்டிய பின்னும் திருத்தாத பிழை, பிழை என்னும் பெயரை இழந்துவிடுகிறது.

பெருமக்களே! சட்டம் இதில் நமக்குத் துணை நிற்கிறது. 1986-இல் வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் இடத்தில் இப்போது 2019-ஆம் ஆண்டின் சட்டம் 2020 சூலை முதல் நடைமுறையில் உள்ளது. பொட்டலத்தின்மேல் அச்சிட்ட விலைக்கு மேலும், சட்டப்படி வைக்கப்பட்ட விலைப்பட்டியலுக்கு மேலும், இருவரும் ஒப்பிய விலைக்கு மேலும் பணம் பெற்றால் அதுபற்றி முறையிடலாம். பற்றுச்சீட்டுத் தர மறுப்பதும் முறையற்ற வாணிகமே. நாம் வாழும் ஊரில் உள்ள மாவட்ட ஆணையத்திலேயே இரண்டாண்டுக்குள் வழக்கிடலாம். பொருளின் மதிப்பு ஐந்து இலட்சம் வரை கட்டணமில்லை, வழக்கறிஞரும் கட்டாயமில்லை. அதற்கு முன்பாக 1915 என்ற தேசிய உதவி எண்ணை அழைக்கலாம். எடைக்குறைவும் அச்சிட்ட விலைக்கு மேல் விற்பதும் நம் மாநிலத்தில் தொழிலாளர் துறை ஆய்வாளர்களின் பார்வைக்குரியவை. இவை யாவற்றிற்கும் வேராக இருப்பது ஒரு சிறு தாள். அதனைக் கசக்கி வாயிலிலேயே எறிந்துவிட்டு வருகிறவர் தம் உரிமையையும் எறிந்துவிட்டு வருகிறார்.

"சிறு தொகைக்கு யார் அலைவது?" என்பீர்கள். அலைந்தவர் ஒருவர் உண்டு. நம் மதுரைக்குப் பெயரால் உறவான ஊர் வடமதுரை. பழஞ்சமணத்தின் பெருநிலையங்களுள் ஒன்று. அவ்வூர் இரயில் நிலையத்தில் 1999 திசம்பரில் வழக்கறிஞர் ஒருவர் மொராதாபாத்துக்கு இரு பயணச்சீட்டு வாங்கினார். ஒன்று 35 ரூபாயாக 70 ரூபாய் ஆக வேண்டும். 90 ரூபாய் பெறப்பட்டது. கேட்டும் மீதி வரவில்லை. நுகர்வோர் மன்றத்தை நாடினார். நூற்றுக்கு மேற்பட்ட அமர்வுகள், இருபத்திரண்டு ஆண்டுகள். 2022 ஆகத்தில் தீர்ப்பு வந்தது. இருபது ரூபாயை ஆண்டுக்கு 12 விழுக்காடு வட்டியோடு திருப்பித் தரவும், மேலும் 15,000 ரூபாய் செலுத்தவும் இரயில்வேக்கு ஆணையிடப்பட்டது. 2019-இல் சண்டிகரில் ஒருவர், காலணி வாங்கிய கடையில் தாள்பைக்குப் பெற்ற 3 ரூபாயை எதிர்த்து வென்றார். அடுத்த ஆண்டு தேசிய ஆணையமும், முன்னரே அறிவிக்காமல் பணம் செலுத்துமிடத்தில் பைக்கு விலை கேட்பது முறையன்று என்று மற்றொரு வழக்கில் உரைத்தது.

இருபது ரூபாய்க்கு இருபத்திரண்டு ஆண்டா என்று நகைக்கத் தோன்றும். ஒரு சாளரத்தில் ஒருவரிடம் இருபது ரூபாய். நாள்தோறும் எத்தனை பேர், எத்தனை சாளரங்கள்! ஒருவர் கேட்டது பலர்க்காகக் கேட்டதாகும்.

இனி என் கதையின் மறுபாதிக்கு வருகிறேன். அதைச் சொல்லவே இம்மேடைக்கு வந்தேன்.

இரண்டு திங்கள் கழிந்து அதே கடையில் நல்லெண்ணெய்ப் புட்டி இரண்டு வாங்கினோம். வீட்டில் சீட்டைப் பார்த்தேன். ஒன்றுக்கே விலை போட்டிருந்தது. நாளைக்குச் சொல்லலாம் என்று வைத்தேன். மறுநாள் வெயில். அதற்கு மறுநாள் வேறு வேலை. மூன்றாம் நாள் மனைவி மெல்லக் கேட்டார்: "இருபத்தொரு ரூபாய்க்குக் கால்மணி நேரம் நின்றீர்களே, இதற்கு மட்டும் கால் வலிக்கிறதோ?" அன்று அடைந்த நாணத்தை எந்த மாணவன் முன்பும் அடைந்ததில்லை.

உடனே சென்றேன். அதே பெண்தான் இருந்தாள். சீட்டையும் பணத்தையும் நீட்டியபோது அவள் திகைத்து நின்றாள். "சரக்குக் கணக்குல குறைஞ்சா நாங்க எல்லாரும் பங்கு போட்டுக் கட்டணும் ஐயா" என்றாள். அந்த மூன்று நாளும் என் அடுக்களையில் இருந்தது கடைமுதலாளியின் எண்ணெய் அன்று. அந்தப் பெண்களின் கூலி.

கொடுக்கப்படாததைக் கொள்ளுதலே களவு என்கிறது தத்துவார்த்த சூத்திரம். இல்லறத்தார்க்குரிய கள்ளாமை நோன்பின் குற்றங்களை வரிசைப்படுத்தும்போது, குறைந்த அளவையால் கொடுத்து மிகுந்த அளவையால் கொள்வதனையும் போலிப் பொருளைக் கலந்து விற்பதனையும் அது சேர்த்தே எண்ணுகிறது. அந்நூல் கடைவீதியின் தராசு வரை வந்து பார்த்திருக்கிறது! வள்ளுவரும் வாணிகத்துக்குரிய குறளைப் பொருட்பாலில் வைக்கவில்லை. நடுவுநிலைமை அதிகாரத்தின் முடிவில் வைத்தார். தராசு இருபுறமும் சாயாதிருக்க வேண்டும் என்பது விற்பவர்க்கு மட்டும் உரைத்த அறம் அன்று.

அழகர்மலைக் குகைக்குச் சென்றிருக்கிறீர்களா? ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுக்கு முன் பொறித்த தமிழ்-பிராமிக் கல்வெட்டுகளில் உப்பு வணிகன், துணி விற்கும் அறுவை வணிகன், கலப்பைக் கொழு விற்றவன், பாணிதம் என்னும் கரும்புப்பாகு விற்றவன் ஆகியோர் பெயர்கள் உள்ளன. மதுரைக் கடைவீதியின் மாந்தர் அவர்கள். மாங்குளத்தில் வெள்ளறை நிகமத்தார் என்ற வணிகர் குழுவின் கொடை இருக்கிறது. அம்மலைகளில் நம் அறவோர் தங்கிய கற்படுக்கைகளுக்குப் பொருள் தந்தவர்கள் இத்தகைய உப்பும் துணியும் விற்றவர்களே. அந்தப் பொருள் தூயதாக இருக்க வேண்டும் என்று அவர்கள் கவலைப்பட்டிருப்பார்கள் என்றே நான் எண்ணுகிறேன்.

எனவே இவ்விழாவில் உங்களிடம் மூன்று வேண்டுகோள். கடை நடத்துவோர், அடுக்கின் தாளையும் கணினியின் விலையையும் நாள்தோறும் ஒப்பிட்டுப் பாருங்கள். பிழைக்குரிய இழப்பைப் பணியாளர் கூலியில் பிடிக்காதீர்கள். வாங்குவோர், பற்றுச்சீட்டைக் கடையிலேயே படியுங்கள். மிகையாக இருந்தால் நாணாது கேளுங்கள். ஆனால் எதிரே இருப்பவரிடம் குரலை உயர்த்தாதீர்கள், விலையை வைத்தவர் அவர் அல்லர். மூன்றாவது எனக்கும் உரியது: நமக்குச் சாதகமான பிழையைக் கண்டால் அன்றைக்கே திரும்பிச் செல்லுங்கள். வெயில் தணியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

இப்போதும் அக்கடைக்குப் போகிறேன். அந்தப் பெண் சீட்டை என்னிடம் நீட்டி, "சரியா இருக்கா, பாத்துக்குங்க ஐயா" என்கிறாள். இருவருமாகச் சேர்ந்து பார்க்கிறோம்.