பசளைப் பணம் யாருடைய பெயருக்கு வரும்?

(மீளக்குடியமர்ந்த குடும்பங்களுக்கான கூட்டத்தில் எமது வாழ்வாதார உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



நீண்ட காலத்தின் பின் சொந்த வயலில் கால் வைத்திருக்கிறீர்கள். பற்றை வெட்டி, வரம்பு கட்டி, காலபோகத்துக்கு ஆயத்தமாகும் இந்த வேளையில் பசளை மானியம் பற்றி உங்களோடு பேச வந்திருக்கிறேன்.

முன்னர் நெற்செய்கைக்கு 50 கிலோ பசளை மூட்டை 350 ரூபாவுக்குக் கிடைத்தது. 2016இல் மூட்டைக்குப் பதிலாகப் பணம் தரும் முறை வந்தது. அப்போது ஒரு ஹெக்டேயர் நெல் வயலுக்கு ஆண்டுக்கு 25,000 ரூபா தரப்பட்டது. அதில் பாதி காலபோகத்துக்கு, பாதி சிறுபோகத்துக்கு. எவ்வளவு வயல் இருந்தாலும் 2 ஹெக்டேயருக்கு மேல் கிடைக்கவில்லை. ஒரு ஹெக்டேயர் ஏறத்தாழ இரண்டரை ஏக்கர். பரப்புக் கணக்கில் சுமார் 40 பரப்பு. ஆகவே ஒரு ஏக்கர் விதைத்தவருக்குப் போகத்துக்கு ஏறத்தாழ 5,000 ரூபா வந்தது.

மானியம் பணமாகத் தரப்படும்போது அது கமநல சேவை நிலையத்தில் பதிவாகியுள்ள கமக்காரரின் வங்கிக் கணக்குக்கே வருகிறது. நீங்கள் ஊரில் இல்லாத காலத்தில் பதிவு என்னவாயிற்று என்பதைப் பாருங்கள். இறந்துபோன தகப்பனாரின் பெயர் இன்னும் இருக்கலாம். இடையில் விதைத்த வேறொருவரின் பெயர் ஏறியிருக்கலாம். இதைப் பார்க்காமல் விதைத்தால் அந்தப் போகத்துப் பணம் உங்கள் கைக்கு வராமலே போய்விடும்.

ஆகவே விதைப்புக்கு முன்னரே நிலையத்துக்குப் போங்கள். அடையாள அட்டை, காணி உறுதி அல்லது அனுமதிப்பத்திரம், உங்கள் பெயரிலுள்ள வங்கிப் புத்தகம் ஆகியவற்றைக் கொண்டுபோங்கள். பத்திரங்கள் தொலைந்துவிட்டன என்று வீட்டில் இருந்துவிடாதீர்கள். பதிவு செய்த உறுதியின் பிரதியைக் காணிப் பதிவகத்தில் பெறலாம். அனுமதிப்பத்திரக் காணி என்றால் பிரதேச செயலகத்தின் காணிக் கிளையில் விசாரியுங்கள். கிராம அலுவலரிடமும் உறுதிப்படுத்தல் கேளுங்கள்.

உங்கள் பகுதிக் கமக்காரர் அமைப்பில் சேருங்கள். போகம் தொடங்குமுன் நடக்கும் பயிர்ச்செய்கைக் கூட்டத்துக்குத் தவறாமல் போங்கள். குளத்து நீர் திறக்கும் நாளும் விதைப்பு நாளும் அங்கேதான் முடிவாகின்றன. யார் எவ்வளவு விதைக்கிறார் என்பதும் அயலவர் முன் தெரியவரும்.

குத்தகைக்கு வயல் செய்பவர்களே, மானியம் பயிர் செய்பவருக்கானது. குத்தகை பேசும்போதே இதையும் பேசி, எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் மனக்கசப்பு வராது.

கணவர் காணாமற்போன சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. வயல் அவருடைய பெயரில் இருக்கிறது, மரணச் சான்றிதழ் எடுக்க மனம் ஒப்பவில்லை என்று பலர் ஒதுங்கி நிற்கிறீர்கள். அவர் இறந்துவிட்டார் என்று நீங்கள் ஏற்றுக்கொள்ளத் தேவையில்லை. அவர் காணப்படவில்லை என்பதற்கான சான்றிதழைப் பெற 2016இல் சட்டம் வந்துள்ளது. பிரதேச செயலகத்தில் கேளுங்கள். வயலில் பாடுபடுவது நீங்கள். பயிர் செய்பவராக உங்கள் பெயரைப் பதியும்படி நீங்களே கேளுங்கள்.

இன்னொன்று. முன்னர் மூட்டையாக வந்தது, வயலுக்குத்தான் போனது. பணம் கைக்கு வந்தால் கூரைத் தகரமும் பிள்ளையின் சப்பாத்தும் கண்முன் நிற்கும். அது தவறல்ல, எல்லாமே தேவைதான். ஆனால் மேற்கட்டுப் பசளை போடவேண்டிய நாளில் கையில் காசு இல்லாவிட்டால், கடைக்காரரிடம் கடனுக்கு வாங்கி, அறுவடையில் அவர் சொன்ன விலைக்கு நெல்லைக் கொடுக்க நேரிடும். பணம் வந்தவுடன் யூரியாவுக்கான பங்கை முதலில் ஒதுக்குங்கள். வங்கிப் புத்தகத்தையோ அட்டையையோ எவரிடமும் ஈடாகக் கொடுக்காதீர்கள்.

உங்கள் பெயரைப் பதிய மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். அதைக் கொண்டு மாவட்டக் கமநல அபிவிருத்தி அலுவலகத்தில் முறையிடலாம். தனியே போகத் தயக்கமென்றால் நான்கைந்து பேராகச் சேர்ந்து போங்கள்.

வயல் உங்களுடையது, உழைப்பும் உங்களுடையது. பதிவேட்டிலும் உங்கள் பெயர் இருக்கட்டும்.