வெட்டினால் புள்ளி

வாள்வீச்சுப் போட்டியில் வாள்கள் மூன்று வகை: ஃபாயில், எப்பே, சேபர். முதல் இரண்டிலும் நுனியால் குத்தினால்தான் புள்ளி. சேபரில் குத்தலாம், வெட்டவும் செய்யலாம். இடுப்புக்கு மேலே தலை, உடம்பு, கை எங்கே பட்டாலும் சரி. மணிக்கட்டுக்குக் கீழே பட்டால் மட்டும் கணக்கில் வராது.

ஆடுகளம் 14 மீட்டர் நீளம். நடுவர் சொன்னதும் பாய்வார்கள். பல நேரம் ஓரிரு நொடியில் கதை முடிந்துவிடும். மின்சாரம் கடத்தும் சட்டையில் வாள் பட்டால் விளக்கு எரியும். இருவருக்கும் சேர்ந்தே எரிந்தால்? தாக்குதலை யார் தொடங்கினார் என்று பார்த்து, அவருக்கே நடுவர் புள்ளி கொடுப்பார். புதிதாகப் பார்ப்பவருக்குத் தலை சுற்றும். ஆனால் இந்தக் கணக்கில்தான் சேபரின் சுவாரசியமே இருக்கிறது. தோற்றவர் வெளியேறும் சுற்றுகளில் முதலில் 15 புள்ளி எடுப்பவருக்கு வெற்றி.

ஒலிம்பிக்கில் ஆடிய முதல் இந்திய வாள்வீச்சு வீரர் சென்னையின் பவானி தேவி, ஆடியது சேபர். 2021இல் டோக்கியோவில் முதல் ஆட்டத்தை 15-3 என வென்றார். 2023 ஆசிய வாள்வீச்சு சாம்பியன்ஷிப்பில் உலக சாம்பியன் மிசாகி எமுராவையே வீழ்த்தினார். அரையிறுதியில் 14-15, ஒரே புள்ளியில் தோற்று, வெண்கலம் வாங்கினார்.