அல்லங்காடியில் உறங்கிய கூவியர்



மதுரை விளக்குத்தூண் பக்கம் மாலையில் துணி எடுக்கச் செல்வோர், பரோட்டாவும் சால்னாவும் உண்டு, பருத்திப்பாலோ ஜிகர்தண்டாவோ அருந்திய பின்னரே வீடு திரும்புவர். வாங்குவதும் உண்பதும் அங்கு ஒரே செயல். மதுரைக்காஞ்சி பாடிய மாங்குடி மருதனாரும் இரண்டையும் பிரிக்கவில்லை. அவருடைய அங்காடியில் பலாச்சுளை, மாங்கனி, கிழங்கு, ஊன்சோறு எல்லாம் உண்டு.

உணவுப் பட்டியலை எவரும் இடலாம். என்னை வியக்க வைப்பது வேறொன்று. முதல் யாமம் கழிந்து கடைகள் அடைத்தபின், தேனடை போன்ற மெல்லடையும் மோதகமும் விற்ற கூவியர் அமர்ந்தபடியே உறங்குவதைப் புலவர் கண்டிருக்கிறார். பாண்டியன் நெடுஞ்செழியனுக்கு நிலையாமை உணர்த்த எழுந்த 782 அடிகளில் அப்பம் விற்பவரின் உறக்கத்துக்கும் இடம் இருந்தது.

நம் கவியரங்குகளில்? நிலவு வருகிறது, புரட்சி வருகிறது, பசியும் வருகிறது, ஆனால் யாருடைய பசி என்று தெரிவதில்லை. நள்ளிரவு வரை அனல்முன் நின்று பரோட்டா வீசுகிறவர் வருவதே இல்லை.

சாக்கில் பரப்பி வைத்த தக்காளிக் ‘கூறு’, கேளாமலே பையில் விழும் ‘கொசுறு’க் கறிவேப்பிலை ஆகிய சொற்களுக்கு, உறையிட்டு விலைச்சீட்டு ஒட்டும் கடைகளில் வேலை இல்லை. பேரம் பேசும் பெண்களின் நயமான ஏளனமும் அங்கு ஒலிப்பதில்லை. அதை எந்த அகராதி காக்கும்?

ஆகவே ஒன்று முன்மொழிகிறேன். அடுத்த கூட்டத்தைக் கீழமாசி வீதியில் வைத்துக்கொள்வோம். கவிதைத்தாள் வேண்டா, ஆளுக்கொரு பை கொண்டுவாருங்கள்.