பூட்டுப் போடுமுன் கூட்டம் போடுங்கள்

(வெள்ளவத்தையில் நடைபெற்ற பெற்றோர் கூட்டமொன்றில் நிகழ்த்திய உரை)



கணினியிலும் கைத்தொலைபேசியிலும் பிள்ளைகள் செலவிடும் நேரத்தை மட்டுப்படுத்தும் மென்பொருளைப் பற்றிப் பேசுமாறு எம்மைப் பணித்திருக்கின்றீர்கள். அரசியல் மேடையில் நிற்பவர்க்கு இதிலே என்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். ஒருவருடைய நேரத்தை இன்னொருவர் அளந்து கொடுப்பதும், அவர் எதைப் பார்க்கலாம், எதைப் பார்க்கலாகாது என்று தீர்மானிப்பதும் ஆட்சியன்றி வேறென்ன? வீட்டின் நான்கு சுவர்களுக்குள் நடப்பதால் அது ஆட்சி அல்லாமற் போய்விடாது. ஆகவே விடயம் எமது துறைக்கு உட்பட்டதே.

இந்தக் கருவிகளைப் பிள்ளைகள் களவாகக் கொண்டுவரவில்லை. 2020 மார்ச்சில் பெருந்தொற்றின் காரணமாகப் பாடசாலைகள் மூடப்பட்டபோது நாமே வாங்கிக் கொடுத்தோம். வசதியற்ற வீடுகள் கடன்பட்டுக் கொடுத்தன. சமிக்ஞை தேடிக் குன்றிலும் மரத்திலும் ஏறிய பிள்ளைகளின் படங்களைப் பத்திரிகைகளிற் கண்டோம். பின்னர் பாடசாலைகள் திறந்தன. கருவியோ பிள்ளையின் கையிலேயே தங்கிவிட்டது. கையில் தங்கியதற்கு இந்நகரத்தில் வேறொரு காரணமும் உண்டு. காலி வீதிக்கும் கடலோரப் புகையிரதப் பாதைக்கும் இடையே அடுக்குமாடிகள் எழுந்த வெள்ளவத்தையிலே முற்றம் என்று சொல்வதற்கு மின்தூக்கியின் வாசல்தான் மிஞ்சியிருக்கின்றது. கொட்டாஞ்சேனையின் ஒடுங்கிய தெருக்களிற் பந்தெறிந்தால் அது முச்சக்கர வண்டியின் கண்ணாடியிற் போய் விழும். ஓட இடமில்லாத பிள்ளை விரலால் ஓடுகின்றது. இதை மறந்துவிட்டுப் பிள்ளையை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நியாயமன்று.

மென்பொருள் என்ன செய்யும் என்பதை முதலில் தெளிவாக அறிந்துகொள்வோம். கூகிள் நிறுவனம் ஃபமிலி லிங்க் என்பதை 2017இல் வெளியிட்டது. அப்பிள் நிறுவனம் 2018இல் தன் கருவிகளுக்குள்ளேயே ஸ்கிரீன் டைம் என்ற பகுதியைச் சேர்த்தது. விண்டோஸ் கணினிகளுக்கு மைக்ரோசொப்ட் ஃபமிலி சேஃப்டி இருக்கின்றது. அடிப்படைப் பயன்பாட்டுக்கு மூன்றுக்கும் காசு இல்லை. பிள்ளைக்கெனத் தனிக் கணக்கொன்றைத் திறந்து அதைப் பெற்றோரின் கணக்கோடு பிணைப்பதே முதல் வேலை. அதன்பின் நாளொன்றுக்கு இத்தனை மணி, இரவு இன்ன மணிக்குப் பின் பூட்டு, இந்தச் செயலி ஆகும், அந்தச் செயலி ஆகாது என்று பெற்றோர் தம் கருவியிலிருந்தே கட்டளையிடலாம். கிளிநொச்சியில் வயற்கரையில் நிற்கும் தந்தை, வெள்ளவத்தையில் உறவினர் வீட்டிலிருந்து உயர்தரம் படிக்கும் மகனின் தொலைபேசியை இரவு பத்து மணிக்குப் பூட்டலாம். மகன் எவ்விடத்தில் இருக்கின்றான் என்பதை வரைபடத்திலும் காணலாம்.

கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கின்றது. ஆனால் பையன் சும்மா இருப்பானா? கருவியின் மணிக்கூட்டைப் பின்னோக்கித் திருப்பிப் பார்ப்பான். வீட்டு வைஃபையை நிறுத்தினால் ரீலோட் வாங்குவான். எதுவும் பலிக்காவிடின் அப்பம்மாவின் தொலைபேசி இருக்கவே இருக்கின்றது. கடவுச்சொல்லையும் தேடி அலைய வேண்டியதில்லை. பெரும்பாலான வீடுகளில் அது பிள்ளையின் பிறந்த நாளாகவே இருக்கும்! இன்னொரு குறையும் உண்டு. தகாத பக்கங்களைத் தடுக்கும் வடிகள் பெரும்பாலும் ஆங்கிலச் சொற்களை நோக்கியே ஆக்கப்பட்டவை. தமிழில் எழுதிய வசையும், ஆங்கில எழுத்தில் எழுதிய தமிழ் வசையும் அந்த வடியினூடே இலகுவில் ஒழுகிவிடும். பெரிய நிறுவனங்கள் எம் நாட்டு மொழிகளை எவ்வளவு கவனித்தன என்பதற்கு 2018ஆம் ஆண்டுத் திகனைக் கலவரமே சான்று. சிங்களத்தில் பரவிய வெறுப்புரையை வேளைக்குத் தடுக்கத் தவறிய முகநூல் நிறுவனம் 2020இல் வருத்தம் தெரிவித்தது. எரிந்த கடைகளுக்கு அந்த வருத்தத்தால் என்ன பயன்?

பூட்டைப் பற்றி எம் நாட்டுக்கு அனுபவம் இல்லாமல் இல்லை. 2018 மார்ச்சில் அக்கலவரத்தின்போது அரசாங்கம் சமூக ஊடகங்களை மூடியது. 2019 ஏப்ரல் 21இல் கொச்சிக்கடைப் புனித அந்தோனியார் திருத்தலத்தில் குண்டு வெடித்த நாளிலும் மூடியது. கொட்டாஞ்சேனை மக்களுக்கு அந்த நாளைப் பற்றி நாம் சொல்ல வேண்டியதில்லை. 2022 ஏப்ரல் 3இல் மக்கள் வீதிக்கு இறங்குவதைத் தடுக்க ஊரடங்கு போட்டபோது மீண்டும் மூடியது. ஒவ்வொரு முறையும் நடந்தது என்ன? வி.பி.என். என்ற சொல்லை அதுவரை கேள்விப்படாதவர்கள் அதைக் கற்றுக்கொண்டார்கள். பூட்டைச் சுற்றிப் போகும் அந்த வழியை இன்று பத்து வயதுப் பிள்ளையும் அறியும். ஆசிரியர் யார் என்று கேட்டால், அரசாங்கமே!

பிற நாடுகளும் சட்டத்தால் முயன்று பார்த்திருக்கின்றன. தென்கொரியா 2011இல் பதினாறு வயதுக்குட்பட்டோர் நள்ளிரவு முதல் காலை ஆறு மணி வரை இணைய விளையாட்டு ஆடுவதைத் தடைசெய்தது. பிள்ளைகள் பெற்றோரின் அடையாள எண்ணைக் கொடுத்து உள்ளே போனார்கள். கைத்தொலைபேசி விளையாட்டுகள் பெருகவே சட்டம் பொருளிழந்து, 2022 தொடக்கத்தில் நீக்கப்பட்டது. சீனா 2021 செப்டெம்பரிலிருந்து பதினெட்டு வயதுக்குட்பட்டோர்க்கு வெள்ளி, சனி, ஞாயிறு, விடுமுறை நாட்களில் இரவு எட்டு முதல் ஒன்பது வரை மட்டுமே விளையாட்டுக்கு இடம் கொடுத்தது. அவுஸ்திரேலியா 2024இல் சட்டமியற்றி, 2025 டிசம்பர் 10 முதல் பதினாறு வயதுக்குட்பட்டோர் முக்கியமான சமூக ஊடகங்களிற் கணக்கு வைத்திருப்பதைத் தடுத்தது. இந்தக் கடைசிச் சட்டத்தில் ஒன்று எமக்குப் பிடித்திருக்கின்றது: தண்டம் பிள்ளைக்குமில்லை, பெற்றோருக்குமில்லை, நிறுவனத்துக்கே. பிள்ளை கண்ணெடுக்காதிருக்கும்படி பொருளை ஆக்கி இலாபம் பார்ப்பவன் எவனோ அவனே பொறுப்பாளி என்பது சட்ட நியாயத்துக்கு ஒத்தது. எனினும் எந்தப் பாராளுமன்றமும் எம் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு வந்து உட்காரப் போவதில்லை.

அப்படியாயின் பூட்டே வேண்டாமா? வேண்டும் என்பதே எமது கட்சி. எட்டு வயதுப் பிள்ளையிடம் திறந்த இணையத்தைக் கொடுப்பது, நீந்தத் தெரியாத பிள்ளையைக் குளக்கட்டிலே தனியே விட்டுவருவதற்கு ஒப்பானது. பூட்டை எப்படிப் போடுவது என்பதிலேதான் வழக்கு.

இங்கே வந்திருக்கும் கமக்காரர்களுக்கு இது நன்றாக விளங்கும். இரணைமடுக் குளத்து நீரைச் சிறுபோகத்துக்குத் திறக்குமுன் என்ன நடக்கின்றது? கூட்டம் கூடுகின்றது. குளத்திலே எவ்வளவு நீர் நிற்கின்றது, எத்தனை ஏக்கர் விதைக்கலாம், மதகை எந்நாள் திறப்பது, எந்நாள் மூடுவது என்பவற்றை அதிகாரிகளும் விவசாயிகளும் கூடியிருந்து பேசுகின்றார்கள். கூச்சலும் எழும், கோபித்துக்கொண்டு எழுந்து போவோரும் உண்டு. ஆனாலும் முடிவு எழுத்தில் ஏறுகின்றது. கூட்டத்திலிருந்து உடன்பட்டவன் இரவிலே வாய்க்காலை வெட்டத் துணிந்தால் ஊரே அவனைக் கேட்கும். கூட்டம் கூட்டாமல், கந்தோரிலிருந்துகொண்டு ஒருவர் மதகை மூடினால் வெட்டுகின்றவன் ஊருக்கு வீரனாகிவிடுவான்.

வீட்டிலும் அந்தக் கூட்டத்தைக் கூட்டுங்கள். நாளில் இருபத்து நான்கு மணிதான் குளத்து நீர். பாடசாலைக்கு எவ்வளவு, தனியார் வகுப்புக்கு எவ்வளவு, உறக்கத்துக்கு எவ்வளவு என்று பிள்ளையைக் கொண்டே கணக்குப் போடுவியுங்கள். மிஞ்சுவது எவ்வளவு சொற்பம் என்பதைக் காணும்போது பிள்ளையை விட நீங்களே திடுக்கிடுவீர்கள். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு உலக சுகாதார நிறுவனம் 2019இல் அளவு கூறியது: இரண்டு முதல் நான்கு வயது வரை நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேற்படாதிருத்தல் வேண்டும். வளர்ந்த பிள்ளைகளுக்கு உறக்கமும் ஓட்டமும் கெடாதிருப்பதே அளவுகோல். கணக்குப் பார்த்தபின் முடிவை ஒரு தாளில் எழுதிக் குளிரூட்டியின் கதவிலே ஒட்டுங்கள். அதன் பிறகே மென்பொருளில் அந்த எண்ணைப் பதியுங்கள். ஒவ்வொரு தவணை முடிவிலும் தாளைத் திரும்ப எடுத்துப் பாருங்கள். வயது ஏற ஏறப் பூட்டுகள் ஒவ்வொன்றாகக் கழற்றப்படுதல் வேண்டும்; உயர்தரம் எழுதும் மகனுக்கு இரவுப் பூட்டுக்கூட மிகையென்றே நாம் கருதுகின்றோம்.

கொடுத்த வாக்கைக் காப்பாற்றுங்கள் என்று தமிழருக்குச் சொல்ல வேண்டியதில்லை. 1957இல் எழுதிய ஒப்பந்தம் 1958இல் கிழிந்ததையும், 1965இல் எழுதியது நிறைவேறாமலே போனதையும், 1987இன் பதின்மூன்றாம் திருத்தத்தில் எழுதிய பொலிஸ் அதிகாரம் இன்னும் தாளிலேயே கிடப்பதையும் மேடைதோறும் முழங்குகின்றோம். சாதாரண தரப் பரீட்சை முடிந்ததும் விடுவோம் என்று மகளுக்குச் சொல்லிவிட்டு, முடிந்ததும் உயர்தரத்தைக் காட்டித் தட்டிக்கழிக்கும் தந்தை எந்த முகத்தோடு அந்த மேடைக்கு வருவார்?

மகள் என்றோம். எம் வீடுகளில் முதற் பூட்டு விழுவது அவளுடைய தொலைபேசியிலேதான். அண்ணன் நள்ளிரவு வரை விளையாடுவான். தங்கைக்கு எட்டு மணிக்கே கதவடைப்பு. சட்டத்தின் முன் யாவரும் சமம் என்று அரசியலமைப்பின் பன்னிரண்டாம் உறுப்புரை கூறுகின்றது. அது வீட்டு வாசற்படிக்கு வெளியே நின்றுவிட வேண்டுமா? உணவு வேளையில் தொலைபேசி ஆகாது என்று விதித்தால் அவ்விதி தந்தையின் வட்ஸ்அப்புக்கும் பொருந்துதல் வேண்டும்.

இனி ஒன்றை வன்மையாகச் சொல்ல வேண்டியிருக்கின்றது. பிள்ளை அறியாமல் அதன் செய்திகளை வாசிக்கவும் உரையாடல்களைக் கேட்கவும் உதவும் உளவு மென்பொருள்களும் சந்தையில் உண்டு. அவற்றை நாடாதீர்கள். 1991இல் இலங்கை ஏற்றுக்கொண்ட ஐ.நா. சிறுவர் உரிமைச் சமவாயத்தின் பதினாறாம் உறுப்புரை பிள்ளையின் அந்தரங்கத்துக்கும் காப்புத் தருகின்றது. சட்டத்தை ஒருபுறம் வைத்துவிட்டு நடைமுறையைப் பாருங்கள். முகமறியாத ஒருவன் பிள்ளையிடம் படமொன்றைப் பெற்றுக்கொண்டு மிரட்டுகின்றான் என்று வைத்துக்கொள்வோம். அந்த இரவிலே பிள்ளை யாரிடம் போகும்? தன்னை உளவு பார்த்ததாகத் தெரிந்த தாயிடம் போகாது. மிரட்டுபவனுக்கு வேண்டியதும் அதுவே. அப்படி ஒரு நிலை வந்தால் ஏச்சை ஒத்திவையுங்கள். செய்திகளை அழிக்காமல் வைத்திருந்து, தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள்.

வீட்டாரால் மட்டும் ஆகாத காரியங்களும் உண்டு. இரவு எட்டு மணிக்குத் தாய் பூட்டைப் போடுகின்றார். ஒன்பது மணிக்கு வகுப்பு வட்ஸ்அப் குழுவிலே வீட்டுவேலை வருகின்றது. தாய் பூட்டைத் திறக்கின்றார். திறந்த பூட்டு அன்றிரவு மீண்டும் விழுவதேயில்லை. இதற்குப் பிள்ளை என்ன செய்யும், மென்பொருள்தான் என்ன செய்யும்?

ஆகவே இரண்டு பிரேரணைகளை இக்கூட்டத்தின் முன் வைக்கின்றோம். வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைப் பகுதிப் பாடசாலைகள் மாலை ஆறு மணிக்குப் பின் வீட்டுவேலையைத் தொலைபேசி வழியே அனுப்பாதிருக்குமாறு அதிபர்களைக் கேட்டுக்கொள்வது ஒன்று. அப்பாடசாலைகளின் மைதானங்களை மாலை வேளைகளிலும் வார இறுதியிலும் அயற்பிள்ளைகளுக்குத் திறந்துவிடும் ஒழுங்கொன்றைச் செய்யுமாறு மாநகர சபையையும் கல்வி அதிகாரிகளையும் கேட்டுக்கொள்வது மற்றொன்று. வழிமொழிய விரும்புவோர் எழுந்து பெயரைக் கூறுங்கள். பின்வரிசையிலே பிள்ளைகள் சிலர் இருக்கக் காண்கின்றோம். திருத்தம் ஏதும் இருப்பின் அவர்களும் பேசலாம்.