கவிழ்ந்த நீர்மூழ்கி
(அறிவியல் ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கண்காட்சிக்கு மாதிரி செய்வது பற்றிப் பேசச் சொன்னார்கள். நாங்கள் செய்த நீர்மூழ்கிக் கப்பல் மாதிரி, நடுவர்கள் கண்முன்னே பக்கவாட்டில் சரிந்து, வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தது. அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன். வெற்றிக்கதை எதிர்பார்த்து வந்தவர்கள் தேநீர் இடைவேளை வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒன்பதாம் வகுப்பில் பாய்மங்கள் பாடம் நடத்தும்போது நாம் எல்லோரும் நீர்மூழ்கியைச் சொல்கிறோம். தொட்டியில் நீர் நிரம்பினால் மூழ்கும், காற்றைச் செலுத்தி நீரை வெளியேற்றினால் மேலே வரும். ஒரு வரியில் முடிந்துவிடும். பிள்ளைகளும் அந்த வரியை எழுதி மதிப்பெண் வாங்கிவிடுவார்கள். ஓர் ஆண்டு ஒரு பையன், "எவ்வளவு தண்ணீர் சார்?" என்று கேட்டுவிட்டான். என்னிடம் பதில் இல்லை.

உண்மையான ஒரு கப்பலை எடுத்துக்கொண்டோம். ஐ.என்.எஸ். குர்சுரா. 1969இல் நம் கடற்படையில் சேர்ந்து, 2001இல் ஓய்வு பெற்று, 2002 முதல் விசாகப்பட்டினம் கடற்கரையில் அருங்காட்சியகமாக நிற்கிறது. நீளம் 91.3 மீட்டர், அகலம் 7.5 மீட்டர். நூறில் ஒரு பங்காகச் சுருக்கினால் 91.3 செ.மீ. நீளம், 7.5 செ.மீ. அகலம். எடையையும் நூறால் வகுக்கலாமா என்று கேட்டேன். பாதி வகுப்பு "வகுக்கலாம்" என்றது. நீளம் நூறு மடங்கு குறைந்தால் பரப்பு பத்தாயிரம் மடங்கு, கன அளவு பத்து லட்சம் மடங்கு குறையும் என்பதைத் தீப்பெட்டிகளை அடுக்கித்தான் புரியவைக்க முடிந்தது. குர்சுரா மிதக்கும்போது விலக்கும் நீர் சுமார் 1,950 டன். மூழ்கியபின் சுமார் 2,475 டன். மாதிரிக்கு அது 1.95 கிலோ, 2.475 கிலோ. வித்தியாசம் 525 கிராம், அதாவது 525 மில்லி தண்ணீர். (கடல்நீர், குழாய்நீர் அடர்த்தி வேறுபாட்டை இப்போதைக்கு விட்டுவிடுங்கள்.) பையன் கேட்ட கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். அந்த 525தான் பின்னால் எங்களைக் கவிழ்த்தது.

கூட்டை ஃபைபரில் வார்ப்பது என்று முடிவு செய்தோம். முதலில் மரத்தில் மூல உரு. படத்தைப் பெரிதாக்கி, பத்து செ.மீ.க்கு ஒன்றாக அட்டையில் குறுக்குவெட்டு வடிவங்களை வெட்டினோம். மரத்தைச் செதுக்கி, அட்டையை வைத்துப் பார்த்து, மறுபடி செதுக்கி, பள்ளங்களில் கார் பட்டி பூசி, வாட்டர் பேப்பரால் தேய்த்தோம். முதலில் 220, பிறகு 400, கடைசியில் 600. இந்தத் தேய்ப்புக்கே மூன்று வாரம் ஆனது. முழுக்கப் பிள்ளைகளின் வேலை, ஆபத்து இல்லை. மூல உருவில் ஒரு கீறல் இருந்தால் அச்சிலும் கூட்டிலும் அதே கீறல் வரும். செலவைக் குறைக்கத் தெர்மாகோலில் செய்யலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ரெசின் பட்டதும் தெர்மாகோல் கரைந்து போகும்.

அச்சை எங்கே இரண்டாகப் பிரிப்பது? இதற்கு இட்லித் தட்டு உதவியது. குழி மேலே போகப்போக அகலமாக இருப்பதால் இட்லி வெளியே வருகிறது. பானை மாதிரி வாய் குறுகி இருந்தால் வருமா? ஆகவே கூட்டின் மிக அகலமான கோடுதான் பிரிக்கும் கோடு. ஒட்டுப்பலகையில் கப்பல் வடிவத்தில் துளை வெட்டி, மூல உருவைப் பாதி வரை அதில் இறக்கி, இடுக்கைக் களிமண்ணால் அடைத்து, மெழுகு பாலிஷ் நாலைந்து முறை தேய்த்தபின் ஒரு பக்க அச்சை எடுத்தோம். பிறகு திருப்பிப் போட்டு மறுபக்கம்.

மேலே நிற்கும் கோபுரத்துக்கு இது சரிப்படாது. அதில் விளிம்புகளும் சிறு பள்ளங்களும் உண்டு. கடினமான அச்சில் சிக்கிக்கொள்ளும். அதற்குத்தான் ரப்பர் அச்சு. சிலிக்கான் ரப்பர் வளையும், வார்ப்பை வெளியே எடுத்ததும் பழைய வடிவத்துக்குத் திரும்பும். விலை அதிகம், ஆகவே சின்னப் பாகங்களுக்கு மட்டும் வாங்குங்கள். நாங்கள் வாங்கிய வகைக்கு 100 கிராமுக்கு 3 கிராம் கடினமாக்கி. முதல் தடவை குத்துமதிப்பாகச் சொட்டுவிட்டோம். இரண்டு நாள் கழித்தும் அடிப்பாகம் பிசுபிசுவென்று இருந்தது. இரண்டாம் தடவை ஆய்வகத் தராசில் நிறுத்தோம். பெட்டியின் ஒரு மூலையில் மட்டும், உயரத்திலிருந்து நூல் போல ஊற்ற வேண்டும். காற்றுக் குமிழிகள் உடைந்துவிடும், ரப்பர் தானாகப் பரவி மேலேறும்.

இப்போது சொல்லப்போவதைத் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள்.

ஃபைபர் வேலைக்குக் கடையில் மூன்று திரவங்கள் தருவார்கள். ரெசின், கோபால்ட், கேட்டலிஸ்ட். எங்கள் மாணவன் ஒருவனின் தந்தை மீன்பிடிப் படகுகளுக்கு ஃபைபர் பழுது பார்ப்பவர். உதவிக்கு வந்திருந்தார். நான் வேதியியல் தெரிந்தவன் என்ற தைரியத்தில், கோபால்ட்டை அளந்து வைத்த கோப்பையிலேயே கேட்டலிஸ்ட்டையும் ஊற்றப் போனேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். "சார், ரெண்டையும் ஒண்ணாச் சேக்காதீங்க, வெடிச்சிரும்!" சுற்றி எட்டுப் பிள்ளைகள் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவர் சொன்னது உண்மை. கோபால்ட்டும் கேட்டலிஸ்ட்டும் நேரடியாகச் சேர்ந்தால் தீப்பற்றும், வெடிக்கும். முதலில் கோபால்ட்டை ரெசினில் விட்டு நன்றாகக் கலக்க வேண்டும். கேட்டலிஸ்ட்டைச் சேர்ப்பது அதற்குப் பிறகுதான், அதுவும் நூற்றுக்கு ஒன்று, இரண்டு என்ற அளவில். அதிகமானால் கோப்பையே சூடேறிப் புகையும்; மிச்சத்தைக் காகிதக் குப்பையில் போடக் கூடாது. கேட்டலிஸ்ட் கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம். கண்ணாடியும் கையுறையும் போடுங்கள், பக்கத்தில் ஓடும் தண்ணீர் இருக்கட்டும். வகுப்பறைக்குள் வேண்டாம், மரத்தடி நல்லது. அன்றிலிருந்து ரெசின் கலப்பதை அந்த அண்ணனும் நானும் மட்டும் செய்தோம். பிள்ளைகள் தள்ளி நின்று நேரம் குறித்தார்கள், கண்ணாடியிழைப் பாயை வெட்டிக் கொடுத்தார்கள். இறுகிய கூட்டைத் தேய்க்கும்போதும் தண்ணீர் விட்டுத்தான் தேய்த்தோம். அந்தத் தூசி மூச்சில் போகக் கூடாது.

இரண்டு அடுக்குப் பாய், ஏறக்குறைய 2 மி.மீ. தடிமன். கூட்டின் இரு பாதிகளும் அழகாக வந்தன. உள்ளே தண்ணீர் புகாத ஒரு பிவிசி குழாய், அடியில் எடைக்கு இரும்பு நட்டுகள், நடுவில் கணக்குப்படி 500 மில்லி பாட்டில். பாட்டிலின் அடியில் துளை, மேலே மீன்தொட்டிக் குழாய், அதன் முனையில் பலூன் ஊதும் கைப்பம்பு. குழாயைத் திறந்தால் காற்று வெளியேறி நீர் ஏறும். பம்பை அடித்தால் நீர் வெளியேறும். பெரிய கப்பலிலும் இதே ஏற்பாடுதான்.

கண்காட்சியில் மூழ்கியது அருமையாக நடந்தது. பம்பை அடித்ததும் சர்ரென்று மேலே வந்து, தேவைக்கு மேல் எழும்பி, சாய்ந்துவிட்டது. நடுவர்களில் ஒருவர் சிரித்தார். பம்பைப் பிடித்திருந்த பையன் நாள் முழுவதும் என்னிடம் பேசவில்லை. பக்கத்து மேசையில் கடையில் வாங்கிய எரிமலை ஒன்று பரிசு வாங்கியது. அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது.

மறு வாரம் ஆய்வகத்தில் வைத்துப் பார்த்தோம். எடையைக் கூட்டினேன், இடம் மாற்றினேன், சரிவரவில்லை. பின்வரிசை மாணவி ஒருத்தி கேட்டாள்: "சார், கூடுக்குள்ளயும் தண்ணிதான இருக்கு. அதை எதுக்குத் தூக்கணும்?"

விஷயம் அதில்தான் இருந்தது. எங்கள் கூட்டில் துளைகள் உண்டு. உள்ளே நீர் தாராளமாகப் போய்வரும். நீருக்குள் இருக்கும் நீரைத் தூக்க விசை தேவையில்லை. நீர்மட்டத்துக்கு மேலே வரவேண்டியது மெல்லிய ஃபைபர் ஓடு மட்டுமே. அந்த ஓட்டுப் பொருளின் கன அளவு எவ்வளவோ, அவ்வளவு நீரை வெளியேற்றினால் போதும். பெரிய கப்பலின் 525ஐ அப்படியே எடுத்துக்கொண்டது என் தவறு.

மேல்பாதிக் கூட்டைக் கழற்றி, விளிம்பு வரை நீர் நிறைந்த தொட்டியில் மெதுவாக அமிழ்த்தி, வழிந்த நீரைப் பிடித்து அளந்தார்கள். ஏறக்குறைய 200 மில்லி. நீர்மட்டக் கோடு பிரிக்கும் கோட்டுக்குச் சற்று மேலே இருப்பதால் அதைவிடக் கொஞ்சம் குறைவே போதும். 200 மில்லி தேங்காய் எண்ணெய்ப் பாட்டிலைக் கழுவிப் பொருத்தினோம். நட்டுகளைக் குறைத்து எடையைச் சரிசெய்தோம். நிதானமாக எழுந்து, கோபுரமும் மேல்தளமும் மட்டும் வெளியே தெரிய நின்றது. பார்க்க நடுவர்கள் இல்லை. ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவும் சத்துணவு அமைப்பாளரும்தான் இருந்தார்கள்.

அச்சுகள் பத்திரமாக இருக்கின்றன. அவற்றில் இதுவரை மூன்று கூடுகள் வார்த்துவிட்டோம். தேவைப்படும் பள்ளிகள் எடுத்துப் போகலாம். ஆனால் பாட்டிலின் அளவை நான் சொன்னதாகப் பிள்ளைகளிடம் சொல்லிவிடாதீர்கள். முதலில் 500 மில்லியைப் போட்டுப் பார்க்கட்டும்.