பரங்கிப்பேட்டை வழியாக ஒரு பாலை

அரபுப் பாலையின் நிலம், வரலாறு, பண்பாடு பற்றிப் பேசுமாறு இவ்வுரையை ஏற்பாடு செய்த அறக்கட்டளையினர் பணித்தார்கள். சிதம்பரத்திலிருந்து அங்கே போக எனக்குத் தெரிந்த நேர்வழி பரங்கிப்பேட்டைதான்.

வெள்ளாறு கடலில் சேரும் அந்த ஊருக்கு மகமூது பந்தர் என்றும் பெயருண்டு. ஐரோப்பியருக்கு அது போர்ட்டோ நோவோ. 1781 ஜூலை 1 அன்று ஹைதர் அலியும் ஆங்கிலேயத் தளபதி அயர் கூட்டும் மோதிய களம் என்பதோடு பாடநூல்கள் அதை விட்டுவிடும். அங்கே வாழ்ந்த அபுல் காசிம் மரைக்காயரைப் பற்றி அவை பேசுவதில்லை. வள்ளல் சீதக்காதி மறைந்தபின் உமறுப் புலவரைத் தாங்கிச் சீறாப்புராணத்தை வளரச் செய்தவர் அவர். சடையப்பரைக் கம்பர் வாழ்த்தியதுபோல உமறுவும் இவரைக் காப்பியத்துக்குள்ளேயே வாழ்த்துகிறார்.

நபியின் வரலாற்றைப் பாடும் சீறாப்புராணம் மூன்று காண்டம், 5,027 பாடல். அதன் நாட்டுப்படலத்தைப் படியுங்கள். மேகம் கடல்நீரை முகந்து மலையில் பொழிகிறது, வெள்ளம் வயலில் பாய்கிறது, நெல் விளைகிறது. நாடு அரபு நாடு! உண்மையில் அந்தத் தீபகற்பத்தில் ஆண்டு முழுதும் ஓடும் ஆறு ஒன்றுகூட இல்லை. மக்காவில் ஆண்டுக்கு ஏறத்தாழ 100 மி.மீ. மழை, நம் கடலூர்க் கரையில் 1,200 மி.மீ.க்கும் மேல். ஏமனின் மலைச்சரிவுகள் போன்ற சில இடங்களுக்கே பருவமழை உண்டு. ரூபுல் காலிப் பாலை வெறும் மணற்கடல்.

இதைப் புலவரின் அறியாமை என்று சிரிப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. நபி பிறந்த நாடு செழிப்பாக இருக்கவேண்டும் என்பது காப்பிய மரபு. கதைக்கு வறட்சி தேவைப்படும்போது உமறு தயங்கவே இல்லை: சுரத்திற் புனலழைத்த படலத்தில் வணிகக் கூட்டம் தாகத்தால் துவள்கிறது. அந்த வெம்மைக்கு அவர் வெளியே தேடிப் போகவேண்டியிருக்கவில்லை. சங்கப் பாடல்களின் பாலைத்திணை கையிலேயே இருந்தது.

கடல் வணிகர்களான மரைக்காயர்களின் கப்பல்கள் பாலையைக் கண்டு வந்து சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். பரங்கிப்பேட்டையின் துணி வணிகம் பெரும்பாலும் கிழக்கே போனது: அச்சே, மலாக்கா, கெடா. தொழுகைக்கு மட்டும் ஊர் மேற்கே திரும்பியது. ஆக, உமறுவுக்கு அரபு நிலம் மாலுமிகளின் வாய்வழியாக வந்ததைவிட மார்க்க அறிஞர்களான ஆலிம்களின் கிதாபுகள் வழியாகவே வந்திருக்க வேண்டும் என்பது என் கணிப்பு. ஆலிம் சதக்கத்துல்லா அப்பாவிடம் அவர் உரை கேட்ட மரபுச் செய்தியும் அதற்கு ஒத்துப்போகிறது.

1970களின் எண்ணெய்ப் பெருக்கத்துக்குப் பின் நிலைமை தலைகீழ். பரங்கிப்பேட்டையிலும் லால்பேட்டையிலும் வளைகுடாவுக்குப் போய்வந்தவர்கள் ஏராளம். மணற்புயலையும் ஐம்பது பாகை வெயிலையும் உடம்பால் அறிந்தவர்கள் அவர்கள். அவர்கள் ஊருக்கு எழுதிய கடிதங்களும் பேசி அனுப்பிய கேசட்டுகளும் பரண்களில் கிடக்கும். செல்லரிக்கும் முன் இங்குள்ள தமிழ்த்துறை மாணவர்கள் வீடு வீடாகப் போய்க் கேட்டு வாங்கவேண்டும். வரும் விடுமுறையிலேயே தொடங்கலாம்.