கல்லினுள் செல்லும் ஒலி



திருக்கோயிற் பணிக்குக் கல் தேரும் சிற்பி, உளி எடுக்குமுன் அதனைச் சுத்தியால் தட்டிச் செவி சாய்ப்பது தொன்றுதொட்டு வரும் வழக்கம். மணிபோல் கணீரென ஒலிப்பது ஆண்கல், தாளம்போல் ஒலிப்பது பெண்கல், ஓசை மழுங்கியது இரண்டிலும் சேராதது என்று சிற்ப நூலார் வகுத்தனர். இவ்வழக்கத்தினுள் பௌதிக சாஸ்திரத்தின் அரியதோர் உண்மை அடங்கியிருக்கிறது.

ஒளியும் அலை, ஒலியும் அலை. ஆயினும் இரண்டின் இயல்பும் வேறு. ஒளி செல்லப் பொருள் எதுவும் வேண்டா. வெற்றுவெளியில் அது விநாடிக்குச் சுமார் 3,00,000 கிலோமீட்டர் விரைகிறது. கண்ணாடியினுள் ஏறக்குறைய 2,00,000 கிலோமீட்டராகத் தளர்கிறது. கருங்கல்லின் முகப்பிலோ நின்றே விடுகிறது. 1895-இல் ராண்ட்ஜன் கண்ட எக்ஸ் கதிர் தசையை ஊடுருவி எலும்பைக் காட்டும். பல அடிக் கனமுள்ள கற்றூணை ஊடுருவுதல் அதற்கும் அரிது.

ஒலியின் நிலை இதற்கு நேர்மாறானது. பொருள் இல்லாவிடின் ஒலி இல்லை. காற்றில் விநாடிக்குச் சுமார் 343 மீட்டரும், நீரில் ஏறத்தாழ 1,480 மீட்டரும் செல்லும் ஒலி, பழுதற்ற கருங்கல்லில் 4,000 மீட்டருக்கு மேலும் விரைகிறது. கல் கனமானது என்பது இதற்குக் காரணமன்று. அதன் அணுக்கள் ஒன்றையொன்று விறைப்பாகப் பற்றி நிற்பதே காரணமாகும்.

அக்கல்லினுள் மயிரிழை போன்ற வெடிப்பு இருப்பின் நிகழ்வது யாது? வெடிப்பில் இருப்பது காற்று. கல்லில் வந்த அலை காற்றைச் சந்தித்ததும், ஆயிரத்தில் ஒரு பங்கேனும் கடவாமல் திரும்பிவிடுகிறது. வெடிப்பின் இரு முகங்களும் உராய்ந்து அதிர்வை விழுங்குகின்றன. எனவே நாதம் மழுங்குகிறது. விரிசல் விழுந்த ஆலயமணி கரகரப்பதும் இதனாலேயே. கண் காணாத குறையைச் செவி கண்டுகொள்கிறது.

ஹம்பி விட்டலர் ஆலயத்து இசைத்தூண்கள் உள்ளே துளையுடையவை என்று பலர் எண்ணியிருந்தனர். கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்து அறிஞர்கள், கல்லுக்கு ஊறு நேராவண்ணம் மீயொலி செலுத்தி அவற்றை ஆராய்ந்தனர். 2008-இல் வெளிவந்த அவ்வாய்வு, அவை திண்ணிய கல்லே என்றும், தட்டும்போது வளைந்து அதிர்வதால் நாதம் பிறக்கிறது என்றும் நிலைநாட்டியது. சிற்பியின் சுத்தியும் அறிஞரின் கருவியும் கல்லிடம் கேட்டது ஒரே கேள்வியைத்தான்.

திருப்பணி செய்வோர் இதனை மறத்தலாகாது. சுண்ணமும் வர்ணமும் பூசினால் பழைய உத்திரத்தின் விரிசல் கண்ணுக்கு மறையும். பாரம் தாங்கும் கல்லின் குறையோ நீங்காது. ஆதலின் பூச்சுக்கு முன்னரே தேர்ந்த ஸ்தபதியைக் கொண்டு ஒவ்வொரு கல்லையும் சோதித்தல் கடன். ஐயமெழுமிடத்து மீயொலிக் கருவியின் துணையையும் நாடலாம். நெல்லையிலும் மதுரையிலும் சுசீந்திரத்திலும் உள்ள இசைத்தூண்களை வேடிக்கைக்காகத் தட்டுவதும் தகாது. ஒவ்வொரு அடியும் கல்லைத் தேய்க்கும். ஒரு விரிசல் விழுந்தால் முன்னோர் வைத்த நாதம் மீளாது.

ஆயிரம் ஆண்டு நிற்கவேண்டிய கோயிலுக்குக் கல்லின் குரலைக் கேட்டறிந்து செய்யும் திருப்பணியே நிலைத்த திருப்பணியாகும்.